பொட்டி வித்தவன் பொறுப்பையும் விக்கணும்!

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். தம்பி கடை மேஜை மேல பளபளன்னு ஒரு நோட்டீஸ். "தொழில்முறைப் பயனாளர்களுக்கான முழுமையான தீர்வு. பெட்டியைப் பிரித்ததும் வேலையைத் தொடங்கலாம்" என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் தள்ளுபடியாம். அனுப்பியது யார்னு திருப்பிப் பார்த்தேன். அதே ஆசாமிங்க! அப்போ ஏறின சூடு இன்னும் இறங்கல. எழுதித் தீர்த்துடறேன். நீளமாப் போகும், டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல கதையைச் சொல்லிடறேன்.

ஊர்னா அம்மையார்குப்பம். திருத்தணியில் இறங்கி ஆர்.கே. பேட்டை பக்கம் போற பஸ்ஸைப் பிடிச்சு வரணும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆந்திரா. தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கி, தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே எழுந்திரிக்கிற ஊர். சத்தம் நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும். கரண்ட் போச்சா, இல்ல யார் வீட்டுலயாவது துக்கமான்னு எழுந்து பார்ப்போம்.

தம்பின்னு சொன்னது சித்தப்பா பையனை. டிசைன் கடை வெச்சிருக்கான். சேலை பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு, ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிச்சுத் தர்ற கடை. அவனை நம்பி எட்டு தறிக்காரங்க. அந்தத் தறிகளை நம்பி எத்தனை வீட்டு அடுப்புன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

2022-ல அவன் ஒரு 'ரெடி சிஸ்டம்' வாங்கினான். கம்ப்யூட்டர், பெரிய மானிட்டர், டிசைன் மென்பொருள், அட்டை அடிக்கிற மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கார்டு, எல்லாம் சேர்த்து ஒரே பில். மூணு லட்சத்துக்குப் பக்கம். மூணு வருஷம் வாரண்டி. தம்பி பொண்டாட்டி நகை பேங்க்குக்குப் போச்சு. "அண்ணா, ஒரே கம்பெனிணா, எது போனாலும் ஒரே போன்ணா"ன்னு சந்தோஷமா சொன்னான். நானும் சரின்னுதான் சொன்னேன். அதை மறைக்க விரும்பல.

2024 ஆவணி கடைசி. தீபாவளிச் சரக்குக்கு டிசைன் மாத்துற நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு போன்.

"அண்ணா, பொட்டி செத்துப் போச்சுணா."

"சாகலடா, மூச்சு நின்னிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும். கம்பெனிக்கு போன் போட்டியா?"

"போட்டேன். டோக்கன் நம்பர் குடுத்திருக்காங்க."

மூணாம் நாள் திரும்பக் கூப்பிட்டாங்க. ஆறாம் நாள் ஒரு பையன் பைக்குல வந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்க ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, வாரண்டி செல்லாதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான். ஸ்டிக்கர் ஏன் கிழிஞ்சது? ஊர்ல பஞ்சு பறக்குது சாமி. ஃபேன்ல போய் அடைஞ்சுக்குது. மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து பிரஷ் போடலைன்னா சூட்டுலயே போயிடும். தறிக்காரனுக்குன்னு பேர் வெச்சு விக்கிற பெட்டியைத் தறி ஓடுற ஊர்ல திறக்கக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டினவன், தறியை எங்கே பார்த்தான்? போட்டோவுலயா?

சனிக்கிழமை நான் ரிச்சி ஸ்ட்ரீட் போய் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு வாங்கிக்கிட்டு திருத்தணி லோக்கல்ல ஏறினேன். மூவாயிரம் ரூபாய் சமாச்சாரம், அரை மணி நேர வேலைன்னு நினைப்பு. திறந்து பார்த்தா மதர்போர்டுல இருக்கிற இணைப்பே வேற. ஏ.டி.எக்ஸ். அளவுன்னு 1995-ல இன்டெல் கொண்டு வந்தது. இன்னிக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது அந்த அளவுதான். இதுல அதுவும் இல்ல. திருகு ஓட்டை கூட வேற இடத்துல. உள்ளே இருக்கிற வேலையில் எந்த அதிசயமும் கிடையாது. வேற கடைக்குப் போகக் கூடாதுங்கிறதுக்காகவே மாத்தி வெச்ச பிளக்.

சரி, என் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து இவன் டிஸ்க்கை அதுல மாட்டினேன். கன்ட்ரோல் கார்டும் பொருந்திச்சு. மென்பொருள் திறந்து, "இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை"ன்னு சொல்லிட்டு மூடிக்கிச்சு. லைசென்ஸை அந்த மதர்போர்டோட கட்டிப் போட்டிருக்கான். போகட்டும், டிசைனை மட்டுமாவது வெளியே எடுக்கலாம்னா, எல்லாம் அவன் சொந்த வடிவத்துல சேமிச்சு வெச்சது. வேற எதுலயும் திறக்காது. தம்பி மூணு வருஷமா கண்ணு எரிய எரியப் போட்ட டிசைன். காசு குடுத்து வாங்கின பெட்டி. ரெண்டுமே அவனுது இல்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

காசு கட்டி ரிப்பேர் பண்ண ஒத்துக்கிட்டு, பெங்களூர்ல இருந்து பாகம் வந்து, பத்தொன்பதாம் நாள் ஓடிச்சு. அதுக்குள்ள நாலு ஆர்டர்ல மூணு கை மாறிப் போச்சு. தறி நின்ன வீட்டுல கூலி நின்னுது. சேலைக்கு இவ்வளவுன்னு வாங்குறவனுக்கு மாசச் சம்பளம் எங்கே இருந்து வரும்?

இதுதான் கதை. இனிமே சண்டை :-)

தறிக்கு ஒரு நியாயம், பொட்டிக்கு ஒரு நியாயமா?

விசைத்தறியும் ஒரு 'இன்டகிரேட்டட் சிஸ்டம்'தான். மோட்டார், பல்சக்கரம், நாடா, பிக்கர், மேலே ஜக்கார்டு பெட்டி, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தாளம் தப்பாம ஓடணும். ஆனா பிக்கர் தேஞ்சா தெருமுனைக் கடையில வாங்கி நாமே மாட்டிக்கலாம். பல்சக்கரம் உடைஞ்சா லேத் பட்டறையில கடைஞ்சு தருவாங்க. தறி மேஸ்திரி கைய வெச்சா வாரண்டி போச்சுன்னு எவனும் சொல்றதில்ல. அட்டை விஷயம் இன்னும் அழகு. அதே ஊக்கு எண்ணிக்கை, அதே அட்டை அளவு இருக்கிற எந்த ஜக்கார்டுல மாட்டினாலும் அதே பூ விழும். அட்டை, அடிக்கச் சொல்லிக் காசு குடுத்தவனுக்குச் சொந்தம்.

இந்த ஓட்டை போட்ட அட்டைதான் கம்ப்யூட்டருக்கே பாட்டன். பிரான்சுல லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல காப்புரிமை வாங்கினார். 1830கள்ல பாபேஜ் தன்னோட கணக்கு இயந்திரத்துக்கு அதே அட்டையை யோசிச்சார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் அட்டையில ஓட்டை போட்டு எண்ணி முடிச்சார். அவர் ஆரம்பிச்ச கம்பெனி வேற சிலதோட சேர்ந்து பின்னாடி ஐ.பி.எம். ஆச்சு.

ஐ.பி.எம். என்ன பண்ணுச்சு தெரியுமா? இயந்திரத்தை விக்காது, வாடகைக்குத்தான் விடும். எடுக்கிறவன் அட்டையையும் அவங்ககிட்டயே வாங்கணும்னு நிபந்தனை. வேற அட்டை போட்டா மெஷின் கெட்டுடும்னு சாக்கு. 1936-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாதுன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. 1956-ல இன்னொரு வழக்குல, வாடகைக்கு விடுறதோட விலைக்கும் விக்கணும், வெளியாளுங்க பழுது பார்க்க உதிரிபாகமும் தரணும்னு ஒத்துக்க வேண்டி வந்தது. அதாவது நான் இன்னிக்குக் கேக்கிற உதிரிபாகத்தை, இந்தத் தொழில்ல 1956-லயே ஒரு கோர்ட் வாங்கிக் குடுத்தாச்சு.

நம்ம நாட்டுக் கதையும் இதேதான். வெளிநாட்டுல ஓஞ்சு போன 1401 மெஷின்களைச் சரி பண்ணி இங்கே வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தாங்க. அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னப்போ மாட்டோம்னுட்டு 1978-ல மூட்டை கட்டினாங்க. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சரா இருந்த காலம். இங்கே ஓடிக்கிட்டிருந்த அத்தனை மெஷினும் நின்னுடுச்சா என்ன? சி.எம்.சி.ன்னு ஒரு அரசு நிறுவனம் பராமரிப்பைக் கையில எடுத்துச்சு. நம்ம எஞ்சினியருங்க திறந்தாங்க, பார்த்தாங்க, ஓட்டினாங்க. 'மத்தவன் கைய வெச்சா கெட்டுடும்'ங்கிற பேச்சுக்கு நம்ம ஊர்லயே எழுதின பதில் அது.

'தொழில்முறை'ன்னு முத்திரை குத்தி வித்த பெட்டிங்க கடைசியில என்ன ஆச்சுன்னும் பாருங்க. 1990கள்ல கிராபிக்ஸ்னா சிலிக்கான் கிராபிக்ஸ். 'ஜுராசிக் பார்க்' டைனோசரே (1993) அதுலதான் பொறந்தது. சொந்தச் சிப்பு, சொந்த இயங்குதளம், எல்லாம் சொந்தம். 2006-ல திவால் மனு போட்டாங்க, அதே வருஷக் கடைசியில அந்தச் சிப்பு மெஷின்களை நிறுத்தினாங்க. 2009-ல மறுபடியும் திவால். சொத்தை வித்து வாங்கினவனுக்கு? ஆப்பிள் 2013-ல உருளை மாதிரி ஒரு மேக் ப்ரோ விட்டாங்க. அந்த வடிவத்துக்குள்ள பெரிய கிராபிக்ஸ் சிப்போட சூட்டை அடக்க முடியலன்னு 2017-ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2019-ல திறந்து மாத்துற மாதிரி ஒண்ணு விட்டாங்க, கை தட்டினோம். 2023-ல வந்த மேக் ப்ரோவுல நினைவகம் மறுபடியும் சிப்போட ஒட்டிக்கிட்டே வந்தது. வாங்குற அன்னிக்கு எவ்வளவோ, சாகுற வரைக்கும் அவ்வளவுதான்.

அசெம்பிள் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையைச் சொன்னதும் நம்ம நண்பர்கள்ல பாதிப் பேர் சொன்னது ஒண்ணுதான்: "ரிச்சி ஸ்ட்ரீட் போய் பார்ட்ஸ் வாங்கி மாட்ட வேண்டியதுதானே? ரெடிமேட் வாங்குறவன் ஏமாளி."

ஐயா, கோபம் உங்க மேலயும்தான். உங்களுக்கும் எனக்கும் இது பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை முழுக்க ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்து, ரேம் சேரலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். அவனுக்குத் திங்கட்கிழமை காலையில அட்டை வேணும். அசெம்பிள் பண்ணினது பேசாம நின்னா, ரேம் வித்தவன் போர்டு மேல பழி போடுவான், போர்டு வித்தவன் எஸ்.எம்.பி.எஸ். மேல போடுவான், மென்பொருள்காரன் உங்க கம்ப்யூட்டரே சரியில்லம்பான். நடுவுல நிக்கிறவன் தொழில் செய்யறவன். அந்த நாலு பேரையும் கட்டி மேய்க்க அவனால முடியாது. அதுக்காகத்தான் ஒரே ஆள்கிட்ட காசு குடுக்கிறான். அது ஏமாளித்தனம் இல்ல.

ரிச்சி ஸ்ட்ரீட்ல தனித்தனியா வாங்கினா எவ்வளவு ஆகியிருக்கும்னு நானும் கூட்டிப் பார்த்தேன். மென்பொருளைத் தள்ளிட்டுப் பார்த்தா, கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த விலை ஒண்ணரை மடங்குக்கும் மேல. அந்த அதிகக் காசு மேல எனக்குப் புகாரே இல்ல. அது கூலி. எதுக்குக் கூலி? 'ராத்திரி ஒன்பது மணிக்கு நின்னா நான் பார்த்துக்கறேன்'னு சொன்னதுக்கு. அந்தச் சொல்லைத்தான் தம்பி நகையை வெச்சு வாங்கினான். இரும்பையும் சிலிக்கானையும் எங்கேயும் வாங்கலாம்.

அந்தச் சொல்லைக் காப்பாத்தினவங்களும் இருக்காங்க. சினிமா எடிட்டிங்க்கு 1989-ல வந்த ஆவிட் ஒரு முழு சிஸ்டமாத்தான் விலை போச்சு. யானை விலை. ஆனா பிலிமை வெட்டி ஒட்டிக்கிட்டிருந்த எடிட்டர் மதர்போர்டுன்னா என்னன்னே தெரியாம படத்தை முடிச்சார். ஒருங்கிணைச்சு விக்கிறது அந்த மாதிரி ஆளுக்கு வரம். ஒருங்கிணைச்சா ஒட்டிப் பூட்டித்தான் ஆகணும்னும் இல்ல. லெனோவாவோட திங்க்பேட் லேப்டாப்புக்குப் பழுது பார்க்கிற கையேடு இணையத்துல சும்மாவே கிடைக்குது. எந்தத் திருகை எப்போ கழட்டணும்னு படம் போட்டிருப்பாங்க. பெட்டியைத் திறக்க விட்டுட்டும் வாரண்டி குடுக்க முடியும்னு அர்த்தம்.

ஆக, ஒருங்கிணைச்சு விக்கிறவன் எல்லாருமே திருடன்னு நான் சொல்ல வரல. பொறுப்புக்குக் கூலி வாங்கிக்கிட்டு, பொறுப்பு வர்ற அன்னிக்கு ஸ்டிக்கரைக் காட்டுறவன் திருடன். அதுக்கும் மேல ஒரு படி இருக்கு. தானும் பார்க்க மாட்டான், பிளக்கை மாத்தி வெச்சு மத்தவனையும் பார்க்க விட மாட்டான். பத்தொன்பது நாள் ஆகும்னா ஆகட்டும், ஆனா மூணாம் நாள் நானே மாத்திக்கிற வழியை ஏன் அடைச்சே? இந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட பதில் கிடையாது. கேட்டேன். "பாலிசி சார்"னான்.

சட்டம் என்ன சொல்லுது?

2022-ல மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டாங்க. முதல்ல எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவி, மொபைல்-டேப்லட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். டிராக்டர் இருக்கு, மிக்சி இருக்கு. டிசைன் கடைக்காரனோட பெட்டி அந்தப் பட்டியல்ல எங்கே?

இதுல இன்னொரு தந்திரம். பில்லுல 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு'ன்னு அச்சடிச்சிருக்கும். வணிகத்துக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லன்னு பின்னாடி கைய விரிக்கத் தோதா. பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே விளக்கம் இருக்கு: சுயதொழில் செஞ்சு பிழைக்கிறதுக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினா, அது வணிக நோக்கம் ஆகாது. தம்பி மாதிரி ஆளுங்க நுகர்வோர்தான். வழக்கைக் கேக்கிற மாவட்ட ஆணையம் எங்களுக்குத் திருவள்ளூர்ல இருக்கு. நீங்க குடுத்த விலை 5 லட்சம் வரைன்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இது தெரியாமத்தான் நிறையப் பேர் தலையெழுத்துன்னு விட்டுடறாங்க. நாங்களும் விட்டிருப்போம். இப்போ மனு எழுதிக்கிட்டிருக்கேன். அதனாலதான் கம்பெனி பேரை இங்கே போடல. பேரைச் சொல்ல வேண்டிய இடம் அந்த மனு.

வாங்கறதுக்கு முன்னாடி எழுதி வாங்குங்க

நம்ம பதிவர்கள்ல போட்டோ ஸ்டூடியோ, டி.டி.பி. கடை, கல்யாண வீடியோ எடிட்டிங்னு இருக்கிறவங்க உண்டு. உங்களுக்காக. ரெடி சிஸ்டம் தாராளமா வாங்குங்க. ஆனா அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி நாலே நாலு விஷயத்தைக் காகிதத்துல வாங்குங்க.

ஒண்ணு: எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க், ரேம், ஃபேன், இந்த நாலும் கடையில கிடைக்கிற அளவா? இல்லன்னா எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு உபரியா இப்பவே குடு.

ரெண்டு: பொட்டி படுத்தா லைசென்ஸை வேற பொட்டிக்கு மாத்த எத்தனை மணி நேரம்? நாள் கணக்கு பேசினா எழுந்து வந்துடுங்க.

மூணு: என் வேலையை எல்லாம் பொதுவான கோப்பா வெளியே எடுக்க வழி உண்டா? சேலை டிசைன்னா பி.எம்.பி. படமாவாவது. அங்கேயே, உங்க கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

நாலு: எத்தனை நாளுக்குள்ள சரி பண்ணுவே? தாண்டினா மாத்துப் பொட்டி தருவியா? தூசு தட்டத் திறந்தா வாரண்டி போகாதுன்னு எழுதிக் குடு.

நாலுக்கும் கையெழுத்துப் போடறவன்கிட்ட ஒண்ணரை மடங்கு விலை குடுத்தும் வாங்கலாம். போட மாட்டேன்னா அவன் விக்கிறது வெறும் தகர டப்பா. அதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டே போதும்.

கடைசியா ஒண்ணு. நாலு ஆர்டர்ல மூணு போச்சுன்னு சொன்னேன் இல்லையா? ஒண்ணு தப்பிச்சது எப்படின்னு சொல்லல. சித்தப்பா பரண்ல இருந்து பழைய கையால அடிக்கிற அட்டை மெஷினை இறக்கினார். எண்ணெய் போட்டார். பழைய சேலை ஒண்ணை விரிச்சு, பூதக்கண்ணாடி வெச்சு இழை இழையா எண்ணி, கிராப் தாள்ல பென்சிலால புள்ளி வெச்சார். மூணு நாள்ல நூத்தி எண்பது அட்டை. வயசு அறுபத்தெட்டு. அந்த மெஷினை அவர் வாங்கினப்போ நான் பள்ளிக்கூடத்துலயே சேரல. அதை வித்தவர் கடை இன்னிக்கு இல்ல, ஆளும் இல்ல. மெஷின் ஓடுது.

நோட்டீஸைத் தம்பி தூக்கிப் போடப் போனான். "இரு"ன்னு சித்தப்பா வாங்கி மடிச்சு, கிராப் தாள் பறக்காம இருக்க அது மேல ஒரு நூல் கண்டை வெச்சார்.

டிஸ்கி: தறி, அட்டை பத்தி நான் எழுதினதுல தப்பு இருந்தா எங்க சித்தப்பாவைக் கேட்டுத் திருத்திக்கறேன். கம்ப்யூட்டர் பத்தி தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, வாங்கிக்கறேன் :-)